பெட்டை இறகுச் சேவல்

1

என் தம்பி கடத்தூர் பக்கத்திலிருந்து ஒரு கைப்பிடி கோழி இறகைத் தபாலில் அனுப்பினான். ஜெர்மனி அரசாங்கம் அதைக் கைது செய்தது.

நேரில் வரச்சொல்லி சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த நாட்டில் என்னிடம் கேட்காத சான்று கிடையாது. பட்டம் வாங்கியதற்குச் சான்று, கல்யாணம் ஆனதற்குச் சான்று, அது முறிந்ததற்குச் சான்று, உயிரோடு இருப்பதற்குக்கூட ஒருமுறை கேட்டார்கள். கோழி இறகுக்காகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

அந்த அதிகாரி சின்ன வயசுக்காரர். நீலக் கையுறை போட்டுக்கொண்டு உறையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருந்தார். உறையின் மேல் தம்பி பெரிய எழுத்தில் 'டாக்குமெண்ட்' என்று எழுதியிருந்தான்.

"இது என்ன?"

"இறகு. கோழி இறகு."

"எதற்காக அனுப்பியிருக்கிறார்கள்?"

"அது சேவலா பெட்டையா என்று வீட்டில் தகராறு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பார்த்தால் தெரியாதா?"

"தெரியும். நான் வீடியோவில் பார்த்துவிட்டேன். சேவல். அவர்கள்தான் நம்பவில்லை."

"உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமென்றால் இறகு எதற்கு?"

இந்த ஊர் அதிகாரிகளிடம் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான். மடத்தனமான விதியைக் கையில் வைத்துக்கொண்டு புத்திசாலித்தனமான கேள்வி கேட்பார்கள். அவர் கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இருந்தது. சொல்லவில்லை.

பறவை நோய் பரவும் அபாயம் இருப்பதால் இறகை எரித்துவிடுவோம், சம்மதம் என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டேன். எரிப்பதற்கு என் சம்மதம் கேட்கிறார்கள், அந்த அளவுக்கு மரியாதை. அந்த இறகுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் ஆறு மாத வயிறு இருந்தது. அதை எழுத அவர்கள் காகிதத்தில் இடம் இல்லை.

2

ஊரில் இருக்கும் உங்களில் பலருக்கே தெரியாத ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் எல்லா வீட்டிலும் இது கிடையாது. எங்கள் வீட்டிலும், எங்களோடு பெண் கொண்டு கொடுத்த சில வீடுகளிலும் மட்டும் உண்டு.

மருமகளுக்கு நாள் தள்ளிப்போனது உறுதியானதும், மாமியார் கண்ணை மூடிக்கொண்டு கூடைக்குள் கையை விட்டு, புதிதாகப் பொரித்த குஞ்சுகளில் ஒன்றை எடுப்பாள். அதை அந்தோணியாருக்கு நேர்ந்து விடுவார்கள். காலில் மண்நிறத் துணி, தனித் தீனி, தனிக் கூடை. அது பருந்துக்கும் கீரிக்கும் தப்பி வளர்ந்தால் வயிற்றில் பிள்ளை நிற்கும். சேவலாக வளர்ந்தால் ஆண், பெட்டையாக வளர்ந்தால் பெண். பிறகு திருவிழாவில் கோயிலுக்குக் கொண்டுபோய் ஏலத்தில் விட்டுவிடுவார்கள். பங்குச் சாமியாருக்கு இதெல்லாம் தெரியாது. நேர்ச்சைக் கோழி வந்தது, ஏலம் போனது என்பதோடு அவர் சோலி முடிந்தது.

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஆணா பெண்ணா என்று சொன்னால் சொன்னவர் ஜெயிலுக்குப் போவார். சுவரில் போர்டு மாட்டியிருக்கும். குஞ்சின் மேல் எந்தச் சட்டமும் இல்லை. எங்கள் ஆட்கள் சட்டத்தை மதிப்பவர்கள், ஆகவே குஞ்சிடம் கேட்கிறார்கள்.

நான் அம்மா வயிற்றில் இருந்தபோது விட்ட குஞ்சு, பார்த்தவர்கள் கண்படும்படியான சேவலாக வளர்ந்ததாம். அம்மாவை ஈரலும் முட்டையும் கொடுத்துத் தாங்கினார்கள். பிறந்தது நான். அன்றைக்கே அந்தச் சாஸ்திரத்தை மூட்டை கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. நேர்ந்த குஞ்சைப் பருந்து தூக்கிவிட்டது, பயந்துபோன யாரோ வேறு குஞ்சின் காலில் துணியைக் கட்டிவிட்டார்கள் என்று கண்டுபிடித்தார்கள். அப்படிக் கட்டியவர் யார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

என் தம்பி சூசைக்கு இரண்டு பெண்கள். இரண்டு தடவையும் குஞ்சு பெட்டையாக அமைந்தது.

"ரெண்டுக்கு ரெண்டு கரெக்டா சொல்லியிருக்குதுக்கா. ஒங்க லேப்ல இப்பிடி வருமா?" என்று ஒருமுறை கேட்டான். அவன் பி.எஸ்.சி. கணிதம். நிகழ்தகவு என்று ஒரு பாடம் அவனுக்கும் இருந்திருக்கும். அதிலும் தேறியிருப்பான்.

3

அவன் மனைவி பிலோமினா மூன்றாவது பிள்ளை உண்டானபோது, சாதாரண நாட்டுக்கோழிக் குஞ்சு சரிப்படாது என்று முடிவு செய்தான். கர்நாடக எல்லைப் பக்கம் தெலுங்கு பேசும் சிநேகிதன் ஒருவனிடமிருந்து சண்டைக்கோழி முட்டைகளை வாங்கிவந்து அடை வைத்தான். வீரியமான ஜாதியாக இருந்தால் சேவலாக வரும் என்பது அவனுடைய கணக்கு. அதிலிருந்து அம்மா ஒரு குஞ்சை எடுத்தாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை எனக்கு வீடியோ வந்தது. நான் காலி பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டிகளில் நிறம் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பச்சைப் பாட்டிலை வெள்ளைத் தொட்டியில் போட்டால் இங்கே முன்பின் தெரியாத கிழவர்கூட வந்து புத்தி சொல்வார். அதனால் ஒரு கையில் பாட்டிலும் மறுகையில் போனுமாக நின்று பார்த்தேன்.

தக்காளிக் கூடைகளுக்குப் பக்கத்தில் ஒரு கோழி நின்றது. சின்னக் கொண்டை. கழுத்திலும் முதுகிலும் பெட்டைக்கு இருப்பது போல நுனி உருண்ட இறகு. வாலில் சேவலுக்கு வளையும் நீள இறகு இல்லை. அது கழுத்தை நீட்டிக் கூவியது. கூடவே சூசையின் குரல்.

"அக்கா, பாத்தியா. பெட்டயாப் போயிடுச்சு. பெட்டன்னாகூட பரவால்ல, நேத்துலேருந்து கூவுது. கூவுற பெட்ட வூட்டுக்கு ஆவாதுன்னு அம்மா ஒரே அழுவ. வயித்துல இருக்கறது வூட்டயே முழுங்கற பொண்ணாம். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் மொரப்பூர்ல ரயிலேறிப் போயி ஒரு நர்சம்மாவப் பாத்துட்டு வந்துடலாம்னு இருக்கறோம். நீ ஒண்ணும் கொழப்பாத. சும்மா தகவலுக்குச் சொன்னேன்."

பூசை முடிந்ததும். நற்கருணை வாங்கிய வாயோடு ரயில் ஏறி, வயிற்றில் இருப்பதைக் கரைத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி குடிப்பார்கள். பாட்டிலை எந்தத் தொட்டியில் போட்டேன் என்று நினைவில்லை.

வீடியோவை மறுபடி பார்த்தேன். கால் தடிமன், காலில் முட்டி நிற்கும் முள், நிற்கிற தோரணை. சந்தேகமே இல்லை. அது கூவும் பெட்டை அல்ல. பெட்டையின் இறகு போட்ட சேவல்.

4

எனக்கு இது தெரிந்ததில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. கோழிகளின் மரபணுவுக்குள் கிடக்கும் செத்த வைரஸ்களைத் தேடுவதுதான் என் பிழைப்பு. அதையும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பித்துத்தான் செய்யவிடுகிறார்கள்.

ரெட்ரோவைரஸ் என்று ஒரு வகை உண்டு. மற்ற வைரஸ்கள் வந்து படுக்கவைத்துவிட்டுப் போய்விடும். இது போகாது. தன் வாசகத்தை நம் மரபணுவுக்குள்ளேயே எழுதிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். கருமுட்டையிலோ விந்திலோ எழுதிவிட்டால் பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும். குடியுரிமை வேண்டுமென்று யாரும் அதை வரிசையில் நிற்கவைத்து மொழித்தேர்வு நடத்துவதில்லை.

அந்த வாசகத்தின் இரண்டு முனைகளிலும் ஒரே வரிகள் இருக்கும். டவுன் பஸ்ஸுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே ஊர்ப் பலகை மாட்டியிருப்பது போல. காலப்போக்கில் பல இடங்களில் நடுவில் இருந்த பஸ் கழன்று போய்விடும், ஒற்றைப் பலகை மட்டும் அங்கேயே தொங்கும். வேடிக்கை என்னவென்றால், பலகையைப் பார்த்தே ஆட்கள் கூடிவிடுவார்கள். அதாவது, பக்கத்தில் இருக்கும் மரபணு ஒன்று, வேலை செய்யக் கூடாத இடத்தில் வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

பெட்டை இறகுச் சேவலில் நடப்பது அதுதான். ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் மரபணு ஒன்றுக்குப் பக்கத்தில் பழைய வைரஸ் முனை உட்கார்ந்திருக்கிறது. தோலில் அந்த மரபணு சும்மா இருக்க வேண்டும். பலகை தொங்குவதால் சும்மா இருப்பதில்லை. தோலில் பெண் ஹார்மோன் ஊறி, இறகு பெட்டை இறகாக முளைக்கிறது. மற்றபடி அது முழுச் சேவல். கூவும், சண்டை போடும், குஞ்சு உண்டாக்கும். ஐரோப்பாவில் இப்படிப்பட்ட கோழிகளுக்குக் கண்காட்சியில் பரிசு கொடுக்கிறார்கள். எல்லைப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் சண்டைக்கென்றே தேடி வளர்ப்பார்கள். எதிரில் நிற்கும் சேவல் இதைப் பெட்டையென்று நினைத்து அசந்துபோகுமாம். தம்பி முட்டையை வாங்கினானே தவிர விவரத்தை வாங்கவில்லை.

வம்சம், வம்சம் என்று எங்கள் வீட்டில் பேசாத நாள் இல்லை. மனிதனின் மரபணுவில் இந்த மாதிரி வைரஸ் மிச்சம் நூற்றுக்கு எட்டுப் பங்கு இருக்கிறது. அதிலும் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமில்தான் இந்தக் குப்பை ரொம்பவும் அடர்த்தி. ஆண் வாரிசு வேண்டும் என்று இவர்கள் மண்டியிடுவது இதைக் காப்பாற்றுவதற்குத்தான். பிலோமினாவின் வயிற்றில் பிள்ளையையும் தாயையும் ஒட்டவைத்திருக்கும் நஞ்சுக்கொடியின் மேல்தோலையே, என்றோ நுழைந்த ஒரு வைரஸின் புரதம்தான் கட்டிக்கொடுக்கிறது. ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் அது ஒரே மாதிரிதான் தாங்குகிறது. எங்கள் அம்மாவைவிட அந்த வைரஸ் மேல்.

5

உடனே சூசையைக் கூப்பிட்டேன்.

"அது சேவல்டா."

"சும்மா இருக்கா. எறகப் பாக்கலியா நீ?"

"எறகுதான் பொய். பெட்ட கூவல, சேவல்தான் பெட்ட மாதிரி எறகு போட்டிருக்குது. எங்க லேப்ல இதத்தான் பண்றோம்."

"அப்ப எழுதிக் குடு. சீல் வெச்சு. அம்மா சும்மா நம்பாது."

"எறகு நாலு புடுங்கி அனுப்பு, டெஸ்ட் பண்ணிச் சொல்றேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் எங்கயும் போகக் கூடாது. ரயிலுக்கும் வேணாம், நர்சம்மாவுக்கும் வேணாம்."

சுங்க அதிகாரி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். இறகு எனக்கு வேண்டியிருக்கவில்லை. தபால் வந்து சேரும் நாட்கள்தான் வேண்டியிருந்தது. அதற்குள் வயிறு பெரிதாகிவிட்டால் நர்சம்மாவே பயந்து கைவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். இறகு எரிந்ததும் என் கணக்கும் எரிந்தது.

மறுநாள் பிலோமினா கூப்பிட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளாக என்னைக் கூப்பிட்டதே இல்லை. மாட்டுக்கொட்டகையிலிருந்து பேசினாள், பின்னால் பால் பீய்ச்சும் சத்தம் கேட்டது.

"அண்ணி, எறகு வந்துருச்சுங்களா?"

வரவில்லை, எரித்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

"அத்த தெனம் கேக்குதுங்க. இவரு வர்ற ஞாயித்துக்கெழமைக்கு டிக்கெட்டு பாத்துட்டாரு. அண்ணி, எறகு வந்துருச்சுன்னே சொல்லிடுங்க. சேவல்னு சொல்லிடுங்க."

"அது நெசமாவே சேவல்தான் பிலோமினா."

"நெசமா இருந்தா என்னங்க, பொய்யா இருந்தா என்னங்க. நீங்க சொன்னா போதும். ரெண்டு தடவ பெட்டன்னு சொன்னப்பவே நான் ஒவ்வொரு நாளும் செத்துப் பொழச்சேன். அப்ப வூட்டுல காசில்ல, அதான் விட்டாங்க."

ஒரு நாளும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துப் பேசாத பெண் அவள். வைத்துவிடுகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

6

என் மகள் கிளாராவுக்குப் பதினாறு வயசு. அவள் தமிழ் எனக்குப் புரியும், ஊருக்குப் புரியாது. ஊர்த் தமிழ் அவளுக்குப் புரியும், ஆனால் புரியாதது போல இருப்பாள். சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னேன்.

"மாமா ஏன் டாக்டர்கிட்ட கேக்கலை?"

"அங்க டாக்டர் சொல்லக் கூடாது. சட்டம்."

"ஏன் அப்படி ஒரு சட்டம்?"

விளக்கினேன். இவள் என் வயிற்றில் இருந்தபோது இங்கே டாக்டர் ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே, இன்று மழை வரும் என்பதைப் போல, பெண் குழந்தை என்றார். நான் சட்டென்று கதவைப் பார்த்தேன். யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்த்தேன். அந்த டாக்டருக்கு நான் ஏன் திரும்பினேன் என்று புரிந்திருக்காது. இதைக் கிளாராவிடம் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

அவள் ஜெர்மன் மொழியில், காட்டுமிராண்டிகள் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நானே மனதுக்குள் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைதான். அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, அவளுக்கு இல்லை என்று ஏன் தோன்றியதோ தெரியவில்லை.

"நீ சொல்லப்போறது ரொம்பத் தப்பும்மா. சேவல்னு சொன்னா பையன்னு அவங்க நினைப்பாங்க. கோழிக்கும் பேபிக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்லு. அதுதான் உண்மை."

"இருபது வருஷமா சொல்றேன்."

"இன்னொரு தடவை சொல்லு."

"சொல்லி முடிக்கறதுக்குள்ள ரயில் வந்துரும்."

"நீ சயின்டிஸ்ட் இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவள் கழுவிய வேகத்தில் ஒரு தம்ளர் உடைந்தது.

மறுநாள் ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். நான் அதை ஒழுங்காகப் போடுவதில்லை என்று பாதுகாப்பு அதிகாரியிடம் திட்டு வாங்குகிறவள். அன்று பொத்தானெல்லாம் போட்டேன். விளக்கு எரியும் இயந்திரமாகப் பார்த்து அதன் முன்னால் நின்று அம்மாவுக்கு வீடியோ போட்டேன். அந்த இயந்திரம் பழுதாகி, பழுது பார்க்கிறவருக்காக வாரக்கணக்கில் காத்திருப்பது. விளக்கு மட்டும் நன்றாக எரியும்.

அம்மாவின் நெற்றியும் மேல்கூரையும் தெரிந்தன. பக்கத்தில் சூசையின் தோள்.

"லூர்து, மிஷின்ல வெச்சுப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

"என்னன்னு சொல்லுது?"

"சேவல்."

"அப்ப அந்த எறகு?"

"அது எப்பவோ வந்த வைரஸோட மிச்சம். அது போட்ட வேஷம். எறகப் பாத்து ஏமாறாதீங்க."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஆம்பளப் புள்ளதான்?"

அங்கேதான் இருந்தது இடம். கிளாரா சொன்னதை அங்கே சொல்லியிருக்கலாம். சூசை போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தான். என் பின்னால் இயந்திரத்தின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சேவல்தாம்மா," என்றேன்.

டிக்கெட்டை ரத்து செய்தார்கள். பிலோமினாவுக்கு ஈரல் வாங்கப்பட்டது. காலமெல்லாம் நான் சிரித்த குஞ்சு சாஸ்திரத்துக்கு நானே பூசாரியாகிவிட்டேன், அதுவும் வெளிநாட்டுப் பூசாரி.

7

தர்மபுரியில் பிரசவம். பெண் குழந்தை.

பிலோமினாவின் தங்கையிடமிருந்து ஒரு வரிச் செய்தி வந்தது. சூசை போனை எடுக்கவில்லை. அம்மாவும் எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு என்னென்ன நடந்திருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டாம், வேண்டாத பெண் குழந்தைகளைப் போட அரசாங்கமே தொட்டில் வைக்க வேண்டிவந்த மாவட்டம் அது. மிஷினில் பார்த்தேன் என்று நான் சொன்னது பொய்யாகிவிட்டது, அந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவார்கள்? கிளாரா என் பக்கத்தில் உட்கார்ந்து, அவளாகவே மாமாவுக்கு இன்னொருமுறை போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை.

கடைசியில் அவனே கூப்பிட்டான். குரலில் சந்தோஷம் இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"அக்கா, பொண்ணு. மூணு கிலோ. அம்மாதான் வெச்சுக்கிட்டிருக்குது, கீழயே எறக்க மாட்டேங்குது."

"அம்மாவா?"

"அம்மாதான் கண்டுபுடிச்சுது. நீ என்ன சொன்ன? ஒடம்பு சேவல், எறகு பெட்ட, எறகப் பாத்து ஏமாறாதீங்கன்னு சொன்ன. அப்ப என்ன அர்த்தம்? பொண்ணு ரூபத்துல வந்த ஆம்பள. அந்தோணியார் நேராவே காட்டியிருக்கறாரு, நம்ம மரமண்டைக்குத்தான் ஏறல. போலீசு ஆவுமாம், கலெக்டர் ஆவுமாம். அந்தோணியம்மான்னு பேரு வெச்சாச்சு."

நான் சிரித்தேன். நிறுத்த முடியாமல் சிரித்து, பிறகு அழுதேன். என் பிறப்பை மன்னிக்க ஒரு பருந்து தேவைப்பட்ட குடும்பத்துக்கு, இந்தப் பிள்ளையை மன்னிக்க வைரஸ் போதுமானதாக இருந்தது. அந்தச் சாஸ்திரம் தோற்கவே தோற்காது. எதைப் போட்டாலும் தின்று கொழுக்கும். என் ஆய்வையும் தின்றுவிட்டது. ஆனால் குழந்தை உயிரோடு இருக்கிறது, அம்மாவின் மடியில் இருக்கிறது. அதற்கு மேல் எனக்கு அந்த நிமிஷம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

திருவிழா ஏலத்தில் அந்தச் சேவலுக்கு அடிதடி ஆனதாம். எடுத்தவர் அதைக் குழம்பு வைக்காமல் பெட்டைகளோடு விட்டார். அந்த வைரஸ் முனைக்கு இதைவிட நல்ல வாழ்வு அமைந்திருக்காது. ஒரு குஞ்சிலிருந்து பல குஞ்சு, ஒரு வீட்டிலிருந்து பல வீடு. அந்தச் சேவலின் ஆண் குஞ்சுகளில் பாதியாவது பெட்டை இறகோடு வரும். குஞ்சு விடும் வீடுகளெல்லாம் இப்போது அந்த ராசியான வம்சத்தில்தான் குஞ்சு வாங்குகின்றன.

8

இப்போது எனக்கு வீடியோக்கள் வருகின்றன.

என் எண்ணைச் சூசை கொடுக்கிறான். அவனுக்கு அதில் பெருமை. முன்பின் தெரியாத மாமனார்களும் கணவன்மார்களும் அனுப்புகிறார்கள். "மேடம், இது என்னன்னு மிஷின்ல போட்டுப் பாத்துச் சொல்லுங்க." நான் கூட்டத்தில் இருப்பேன், ரயிலில் இருப்பேன், வரி ஆலோசகர் முன்னால் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருப்பேன். போன் அதிரும். திறந்தால் காலில் மண்நிறத் துணி கட்டிய கோழி ஒன்று என்னைப் பார்த்துத் தலையைச் சாய்க்கும்.

முதலில் வந்ததெல்லாம் நிஜமாகவே பெட்டை இறகுச் சேவல்கள். உண்மையைத்தான் சொன்னேன். பிறகு வந்த சிலதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. கிளாரா இப்போது எதுவும் கேட்பதில்லை. போன் அதிர்ந்தால் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

போன வாரம் ஒரு பெண்ணே அனுப்பியிருந்தாள். வத்தல்மலையில் வாழ்க்கைப்பட்டவள், எங்கள் சொந்தத்தில் எங்கோ தூரத்து உறவு. வீடியோவில் ஒரு கோழி கூடையிலிருந்து எழுந்து, கொக்கரித்துக்கொண்டே வெளியே வந்தது. கூடைக்குள் முட்டை கிடந்தது. அதோடு தணிந்த குரலில் ஒரு பேச்சு.

"நான் யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதுங்க மேடம். ஆறாம் மாசமுங்க. முட்ட போட்டுருச்சுங்க. நாந்தான் மொதல்ல பாத்தேன், யாரும் பாக்கறதுக்குள்ள அவிச்சுத் தின்னுட்டேன். நாளைக்கும் போடும், நாளான்னிக்கும் போடும், எத்தினின்னுங்க நான் திங்கறது. நீங்க ஒரு வார்த்த வாய்ஸ்ல சொல்லி அனுப்புங்க. எங்க மாமியாளுக்குக் காது மந்தம். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

நான் அப்போது ஆய்வுக்குழுக் கூட்டத்தில் இருந்தேன். ஒரு மாணவன் திரையில் படம் போட்டு, போதுமான ஆதாரமில்லாமல் முடிவு சொல்வது எவ்வளவு பெரிய குற்றம் என்று விளக்கிக்கொண்டிருந்தான். எழுந்து வெளியே வந்தேன். நடைபாதையில் இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மலைக்குக் கேட்கும்படி பேசினேன்.

"வணக்கமுங்கம்மா. ஜெர்மனிலேருந்து டாக்டர் லூர்து பேசறேனுங்க. ஒங்க வூட்டுக் கோழிய மிஷின்ல வெச்சுப் பாத்துட்டேன். சேவல்தானுங்க. முட்ட போட்டாலும் சேவல்தானுங்க."